சுண்டெலி கற்பித்த கணக்கு

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கல்லூரியிலிருந்து வந்து, விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். படலை திறக்கும் ஓசை கேட்டது. அயல்வீட்டு அன்பர் வந்தார். பின்னால் அவருடைய மகன். நம்மிடம் பத்தாம் ஆண்டில் விஞ்ஞானம் கற்கும் மாணாக்கன்.

அன்பரின் இளைய மகளுக்கு ஏழு வயது. எட்டு மாதங்களுக்கு முன் அப்பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கண்டனர். அன்று தொட்டு அக்குடும்பம் மகரகமைக்கும் ஊருக்குமாக அலைகின்றது. தாயின் காப்புகள் போயின. தந்தையின் கடையில் பாதி நாள் பூட்டுத் தொங்குகின்றது. ஆயினும் முதல் மாதத்து மருந்திலேயே பிள்ளை தேறினாள். குருதியைச் சோதித்தவர்கள் நோயின் சுவடு தெரியவில்லை என்றனர். தலைமயிர் மீண்டும் முளைத்துவிட்டது. முற்றத்தில் கெந்தித்தொட்டு விளையாடும் அவளுடைய குரல் வேலிக்கு இப்பாலும் கேட்கின்றது.

அன்பர் அமர்ந்தார், சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "மாஸ்டர், நோய் இல்லையென்று அவையளே சொல்லுகினம். பிறகேன் இன்னும் ரெண்டு வருஷம் பிள்ளைக்கு இந்த நஞ்சைக் குடுக்க வேணும்? ஒவ்வொரு முறையும் சத்தி எடுத்து எடுத்து வாடிப்போறாள். இதோடை நிப்பாட்டினால் என்ன?" என்றார்.

நாம் வைத்தியர் அல்லோம். "அதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வைத்தியரும் அவருக்குச் சொல்லாமலில்லை. சொன்னதைச் செவி கேட்டது, மனம் ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கேட்டோம். விடைபெறும் வேளையில் மகன் மெல்லிய குரலில், "சேர், தங்கச்சிக்குக் குடுக்கிற மருந்தெல்லாம் முதலில் எலிக்குக் குடுத்துப் பார்த்ததாம். அப்ப எவ்வளவு எலி செத்திருக்கும்?" என்று கேட்டான்.

தந்தை கேட்டது ஒன்று, மைந்தன் கேட்டது வேறொன்று. நூல்களைப் புரட்டியபோதுதான் இரண்டுக்கும் விடை ஒரே சிற்றுயிரிடம் இருப்பதைக் கண்டோம். இவ்வாரம் அதனையே நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நோயின் இயல்பு

நமது என்புகளின் உள்ளே இருக்கும் மச்சையே குருதி பிறக்கும் இடம். செங்குழியங்களும், வெண்குழியங்களும், குருதிச் சிறுதட்டுகளும் அங்குதான் உருவாகின்றன. வெண்குழியமாக வளரவேண்டிய ஒரு கலம், முதிர்ச்சியடையாமலே பெருகும் கேட்டினை அடையின், அதன் சந்ததி மச்சையை நிறைத்துவிடும். வயலில் நெல்லுக்கு இடமின்றிக் கோரை மண்டுவதுபோன்றது அது. செங்குழியம் குன்றுதலால் உடல் வெளிறும். நல்ல வெண்குழியம் இன்மையாற் காய்ச்சல் விடாது தொடரும். சிறுதட்டுக் குறைதலால் தோலிற் கன்றற் கறைகள் தோன்றும். ஜேர்மனிய அறிஞர் வீர்க்கோ 1847இல் இதற்கு 'வெண்குருதி' என்று பொருள்படும் லூக்கேமியா என்னும் பெயரை இட்டார். பெயர் இட்டபின் நூறாண்டு சென்றும் மருந்து கிட்டவில்லை. சிறு பிள்ளைகள் நோய் கண்ட சில மாதங்களிலேயே மாண்டனர்.

எலி வளர்த்த ஆசிரியை

இந்நோயின் வரலாற்றிற் சுண்டெலி புகுந்த வழி வியப்பானது. அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கிரான்பி என்னும் சிற்றூரில் அபி லாத்திறொப் என்றோர் ஆசிரியை இருந்தார். பள்ளிப் பணியிலிருந்து விலகிய அவர், 1900ஆம் ஆண்டளவிற் கோழி வளர்த்துப் பார்த்தார், அது கைகூடவில்லை. பின்பு, பிள்ளைகள் விளையாட்டாக வளர்க்கும் வண்ணச் சுண்டெலிகளை வளர்த்து விற்கத் தொடங்கினார். வாங்கியவர்களிற் பெரும்பாலோர் ஆராய்ச்சியாளராக அமைந்தனர். தம் எலிகள் சிலவற்றிற் கட்டிகள் தோன்றுவதைக் கண்ட அவ்வம்மையார், அதனை அலட்சியம் செய்யாது அறிஞர்களுக்கு எழுதினார். அவை புற்றுக்கட்டிகள் என்பது தெளிவாயிற்று. எந்த எலிக்கு எது தாய், எது தந்தை என்று அவர் எழுதிவைத்த குறிப்பேடுகளே, புற்றுநோய்க்கும் பரம்பரைக்கும் உள்ள உறவை ஆராய வழிகோலின. பெரிய பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. கண்ணும் குறிப்பேடும் இருந்தன. நம் மாணாக்கர் இதனை மனத்திற் கொள்வாராக.

அக்காலத்தில் ஹாவார்ட் சர்வகலாசாலை மாணவராயிருந்த கிளாரன்ஸ் லிற்றில் என்பார், 1909இல் மங்கிய கபில நிறச் சுண்டெலிகளை எடுத்து, உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வளர்க்கலானார். இருபது தலைமுறைக்கு மேல் இங்ஙனம் வளர்க்கப்படும் எலிகள், ஒரே சூலிற் பிறந்த இரட்டையர் போன்று பரம்பரை அலகுகளில் ஒத்திருக்கும். இதனாற் பயன் என்னை எனின், ஓர் எலியின் நோயை மற்றோர் எலிக்கு மாற்றினால், உடல் அதனைப் பிறபொருள் என்று தள்ளாது. அன்றியும், பத்து எலிக்கு மருந்து கொடுத்து, வேறு பத்து எலிக்குக் கொடாது விட்டால், காணப்படும் வேறுபாடு மருந்தினாலேயே ஆயது என்று துணிந்து கூறலாம்.

லிற்றில் 1929இல் மேய்ன் மாநிலத்துப் பார் ஹாபர் என்னும் கடலோர ஊரில் ஜக்சன் ஆய்வுகூடத்தை நிறுவினார். 1947 அக்டோபரில் அத்தீவிற் காட்டுத்தீ மூண்டது. ஆய்வுகூடமும், பல்லாண்டு பேணி வளர்த்த எலிக்குலங்களிற் பெரும்பகுதியும் சாம்பராயின. ஆயின் அவ்வாய்வுகூடம் அதற்கு முன்னரே தன் எலிகளைப் பிற ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி வைத்திருந்தது. அவற்றைப் பெற்றிருந்தவர்கள், அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பி அனுப்பினர். முன்னர்ப் பிறருக்கு ஈந்த வித்தே பஞ்சகாலத்தில் தன் வயலுக்கு மீண்டு வந்தது.

எலியும் பிழைபடக் கூறும்

நிற்க. முதல் மருந்து வந்த கதையிற் சுண்டெலி ஒருமுறை மனிதனை வழிதவறச் செய்ததும் உண்டு. 1940களின் நடுவில், போலிக் அமில வகை ஒன்றினால் எலிகளின் கட்டிகள் சுருங்கின என்று நியூயோர்க் ஆராய்ச்சியாளர் சிலர் அறிவித்தனர். பொஸ்ரன் நகரத்து வைத்தியர் சிட்னி பாபர், அதனையொத்த பொருளை நோயுற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாகப் பெருகியது. வேறொருவராயின் அத்துடன் கைவிட்டிருப்பர். பாபரோ, இப்பொருள் நோய்க்கு உணவாகுமாயின், இதனைத் தடுக்கும் பொருள் நோய்க்குப் பட்டினியாகும் அன்றோ என்று சிந்தித்தார்.

அத்தகைய எதிர்ப்பொருளைச் செய்து கொடுத்தோர் லெடர்லி மருந்து நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், 1895இல் பீமாவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அமினோப்தெரின் என்னும் அம்மருந்தினைப் பெற்ற 16 பிள்ளைகளில் 10 பேர் தேறினர் என்று பாபர் 1948 ஜூன் மாதத்தில் எழுதினார். அதற்கு இரண்டு மாதங்களின் பின் சுப்பாராவ் காலமானார்.

ஆயின் அத்தேற்றம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. திரும்பிய நோய்க்கு அம்மருந்து பயன்படவில்லை. முற்றத்தில் ஓடி விளையாடிய பிள்ளைகள் மறுபடி படுக்கையில் விழுந்தனர். ஏன் திரும்பியது? நம் அன்பரின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகின்றது.

ஒரு கலத்தின் கணக்கு

1948இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த லோயிட் லோ என்பார், மேலே கூறிய கபில எலிக்குலத்து எலி ஒன்றின் தோலில் ஓர் இரசாயனப் பொருளைப் பூச, அதற்கு இரத்தப் புற்று உண்டாயிற்று. அந்நோய்க் கலங்களை ஓர் எலியிலிருந்து மற்றோர் எலிக்கு மாற்றி மாற்றி இன்றளவும் காத்து வருகின்றனர். எல்–1210 என்பது அதன் பெயர். அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் ஹவார்ட் ஸ்கிப்பர் என்னும் அறிஞர், தம் தோழர்களுடன் இந்நோயைக் கொண்டு செய்த கணக்கே இன்றைய சிகிச்சைக்கு அத்திவாரம் எனலாம்.

அவர்கள் கேட்டது மிக எளிய கேள்வி: ஓர் எலியைக் கொல்லுதற்கு எத்தனை நோய்க் கலங்கள் வேண்டும்? பத்து இலட்சம் கலங்களைச் செலுத்தினர், எலி மாண்டது. ஆயிரம் செலுத்தினர், சில நாள் பிந்தி மாண்டது. பத்து செலுத்தினர், இன்னும் சில நாள் பிந்தியது. ஈற்றில் ஒன்றே ஒன்றைச் செலுத்தினர். அவ்வொன்றும் போதுமாயிருந்தது.

மாணாக்கர் ஒரு தாளை எடுத்துக்கொள்க. இக்கலம் ஏறத்தாழ அரை நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகும். ஐந்தாம் நாள் முடிவில் 1,024. பத்தாம் நாள் முடிவிற் பத்து இலட்சத்துக்கு மேல். பதினைந்தாம் நாள் முடிவில் 107 கோடிக்கு மேல். நூறு கோடியைத் தொடும்போது எலி இறக்கின்றது. சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொன்ன கதையை அறியாதார் இலர். அக்கதை இங்கே உயிருடலில் நிகழ்கின்றது.

இனி மருந்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு வேளை மருந்து இத்தனை கலங்களைக் கொல்லும் என்றே எவரும் நினைப்பர். ஸ்கிப்பர் கண்டது வேறு. மருந்து கொல்வது தொகையன்று, விகிதம். ஆயிரத்துக்கு 999ஐக் கொல்லும் மருந்தாயின், கலங்கள் பலவாயினும் சிலவாயினும் அதே விகிதத்தையே கொல்லும். நூறு கோடி இருந்தால் முதல் வேளையிற் பத்து இலட்சம் எஞ்சும். அடுத்த வேளையில் ஆயிரம் எஞ்சும். மூன்றாம் வேளையில் ஒன்று எஞ்சும். அவ்வொன்றை விட்டுவிட்டால் பதினைந்து நாளில் எலி மாளும் என்பதை முன்னரே கண்டோம்.

நம் அயல்வீட்டுப் பிள்ளையின் நிலை இதுவே. நோய் கண்டறியப்படும் நாளில் ஒரு பிள்ளையின் உடலில் நோய்க் கலங்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி இருக்கும். முதல் மாதத்து மருந்து ஆயிரத்துக்கு 999ஐ அழித்தது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் நூறு கோடி எஞ்சும். ஆனால் அவை உடலெங்கும் நல்ல கலங்களிடையே பரந்து கிடப்பதால், மச்சையை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படா. பிள்ளை சிரிக்கிறாள், உண்கிறாள், கெந்தி விளையாடுகிறாள். 'நோய் தெரியவில்லை' என்று வைத்தியர் எழுதுகின்றார். தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட நூறு கோடியை ஒழிப்பதற்கே அந்த இரண்டு ஆண்டுகள்.

ஒரே மருந்தை நெடுங்காலம் கொடுத்தால் அதற்கு அடங்காத கலங்கள் பிழைத்துப் பெருகும் என்பதையும் எலிகளே காட்டின. ஆதலின் வெவ்வேறு வழியிற் கொல்லும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் எமில் பிறை, எமில் பிறைறைக் என்னும் இரு வைத்தியர்கள் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுத்தனர். பிள்ளைகள் முன்னெப்போதையும் விட நெடுநாள் நலமாயிருந்தனர். ஆயினும் அவர்களிற் பலருக்கு நோய் மூளையிலிருந்து மீண்டும் தலைகாட்டியது.

இதற்கும் எலி முன்னரே எச்சரிக்கை தந்திருந்தது. குருதியிலிருந்து மூளைக்குட் கண்ட பொருளும் புகாதவாறு இயற்கை ஓர் அரண் அமைத்துள்ளது. மருந்தும் அவ்வரணைத் தாண்டுவதில்லை. எலியின் உடலெங்கும் நோய் அழிந்தபின்பும், மூளையில் ஒளித்த கலங்களிலிருந்து அது மீண்டதை ஸ்கிப்பர் குழுவினர் 1961இல் எழுதினர். மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட சென்ற் ஜூட் வைத்தியசாலையின் முதல் தலைவர் டொனால்ட் பிங்கெல், மூளைக்கும் முண்ணாணுக்கும் தனியே சிகிச்சை செய்து, அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்தைத் தொடர்ந்து கொடுக்கும் முறையை வகுத்தார். 1960களின் இறுதியில் அவ்வாறு சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயினின்று முற்றாக விடுபட்டனர். அம்முறை மேன்மேலும் செம்மையுற்றமையால், இன்று வசதி மிக்க நாடுகளில் இவ்வகை நோயுற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேரளவிற் பிழைக்கின்றனர். நம் பிள்ளைகளின் முதுகில் ஊசி குத்தி மருந்து ஏற்றும்போது தாய்மார் கண்ணீர் விடுகின்றனர். அவ்வூசி ஒளித்திருக்கும் பகைவனைத் தேடிச் செல்வது என்பதை அறிந்தால் ஓரளவேனும் ஆறுதல் கிட்டும்.

வேலியோரத்துப் பட்டிப்பூ

அந்நான்கு மருந்துகளில் ஒன்றினை நாம் அனைவரும் செடியாக அறிவோம். வேலியோரத்திலும் கோயில் வீதியிலும் ஊதாவாகவும் வெள்ளையாகவும் பூத்து நிற்கும் பட்டிப்பூவே அது. நித்தியகல்யாணி என்றும் அதனை வழங்குவர். 1952இல் யமேக்காத் தீவிலிருந்து, நீரிழிவுக்குக் கசாயமாகக் குடிக்கும் இலை என்று சொல்லி, 25 இலைகள் கொண்ட ஒரு பொதி கனடாவுக்கு வந்தது. றொபேட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளர் அதன் சாற்றைப் பெரிய எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை, வெண்குழியம் குறைந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் லில்லி மருந்து நிறுவனத்தாரும் அச்செடியின் சாற்றை இரத்தப் புற்றுற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவை கூடிய நாள் வாழ்வதைக் கண்டனர். அவ்வழி வந்த வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து 1963 முதல் வழக்கில் உள்ளது.

இதனைப் படித்துவிட்டு, பட்டிப்பூ இலையை அவித்துப் பிள்ளைக்குக் கொடுக்க எவரும் முற்படற்க. அச்செடி நஞ்சுடையது. இலைகளைக் குவியல் குவியலாகப் பிழிந்து, பிரித்து, நிறுத்து, மிகமிகச் சிறிய அளவிற் குருதிக்குள் ஏற்றுவதே மருந்து. கசாயம் அதன் இடத்தைப் பெறாது.

மனித நோயைச் சுமக்கும் எலி

ஸ்கிப்பரின் எலிக்கு வந்தது எலியின் நோய். மனிதனின் நோயையே எலியில் வளர்க்க முடியுமாயின் இன்னும் நன்றன்றோ? எலியின் நிர்ப்பீடனம் அதற்குத் தடையாயிருந்தது. 1983இல் பிலடெல்பியாவில், நிர்ப்பீடனம் பெரிதும் இன்றியே பிறக்கும் ஒருவகைச் சுண்டெலி கண்டறியப்பட்டது. அதன் உடல் மனிதக் கலங்களைத் தள்ளுவதில்லை. ரொறன்ரோ நகரில் ஜோன் டிக் என்பாரின் குழுவினர் 1994இல் வளர்ந்தோருக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றின் கலங்களை அவ்வெலிகளுக்குச் செலுத்தினர். அவர்கள் ஆராய்ந்த நோய்க் கலங்களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சத்துக்கு ஒன்றே புதிதாக நோயைத் தொடக்கவல்லது என்பது தெரியவந்தது. அறுகம்புல்லை மேலே செதுக்கினாற் போதாது. கிழங்கைப் பிடுங்கவேண்டும் என்று கமக்காரர் கூறுவதுண்டு. அதனையொத்த செய்தி இது.

மற்றொரு சான்றையும் கூறலாம். வெண்குழியத்தின் இளங்கலம் முதிராது நின்றுவிடும் ஒருவகைக் கொடிய நோய்க்கு, சீன வைத்தியர்கள் இரு மருந்துகளைக் கண்டிருந்தனர். ஒன்று உயிர்ச்சத்து 'ஏ'யின் வழிவந்த அமிலம். மற்றையது நம் பழைய வைத்தியரும் அறிந்த பாஷாணத்தைச் சேர்ந்தது. மனிதனில் அந்நோயை விளைக்கும் பரம்பரை அலகினையே எலியிற் பதித்து, அவ்வெலியில் இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய்க் கலங்கள் முற்றாக அழிந்தன என்று பிரான்சிய ஆராய்ச்சியாளர் 1999இல் அறிவித்தனர். 2013இல் இத்தாலி, ஜேர்மனி நாட்டு வைத்தியர்கள் நோயாளரிலும் அதன் வெற்றியை நாட்டினர். ஆபத்துக் குறைந்த நோயாளர்க்குத் தலைமயிர் கொட்டச்செய்யும் பழைய மருந்துகள் இன்றியே நோய் தீர்ந்தது.

ஆயினும் எலியின் சொல் முற்றும் வேதவாக்கன்று. பாபரின் அனுபவத்தை மேலே கண்டோம். எல்–1210 எலியை உரைகல்லாகக் கொண்டு பல்லாண்டு மருந்து தேடியபோது, விரைந்து பெருகும் நோய்க்கு ஏற்ற மருந்துகளே பெரிதும் அகப்பட்டன. மெல்ல வளரும் கட்டிகளுக்கு உரியவை அவ்வளவாக அகப்படவில்லை. எலி வழியைச் சுட்டலாம். நடந்து பார்க்கவேண்டியவன் மனிதனே.

மைந்தனின் கேள்வி

இனி மாணாக்கன் கேட்டதற்கு வருவோம். எத்தனை எலிகள் இறந்திருக்கும்? எண்ணிலடங்காதவை என்பதே நேர்மையான விடை. ஒரு கலம் கொல்லும் என்று நாம் ஒரு வரியில் எழுதினோம். அவ்வரியை அறிவதற்குக் கூடு கூடாக எலிகள் மாண்டன. அவை விரும்பி வந்தவை அல்ல. கொல்லாமையை அறமாகப் போற்றும் மரபில் வளர்ந்த பிள்ளை ஒருவன், தன் தங்கை பிழைத்த மகிழ்ச்சியினிடையேயும் இதனைக் கேட்டானே என்று நாம் உள்ளூரப் பெருமையே அடைந்தோம்.

அக்கேள்வியை விஞ்ஞானிகளும் கேளாமல் விடவில்லை. 1959இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இறசல், பேர்ச் என்னும் இருவர், விலங்குகளைக் கொண்டு ஆராய்வோர்க்கு மூன்று நெறிகளை வகுத்தனர். வேறு வழி உண்டாயின் விலங்கைத் தவிர்த்து அவ்வழியை நாடுக. இன்றியமையாத இடத்தும் தொகையைக் குறைக்குக. அவற்றுக்கும் நோவு மிகாவண்ணம் முறையைச் செம்மை செய்க. இன்று பல நாடுகளில் இம்மூன்றும் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன. புதிய மருந்துகளை முதலிற் கண்ணாடிக் கலத்தில் வளரும் மனிதக் கலங்களிற் சோதித்து, தகுதியற்றவற்றை நீக்கிய பின்பே எலியிடம் செல்லும் வழக்கமும் பெருகியுள்ளது. ரஷ்யாவின் நோவசிபேர்ஸ்க் நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் முன்னால், மூக்குக்கண்ணாடி அணிந்து பரம்பரை இழையைப் பின்னும் சுண்டெலியின் சிலை ஒன்றை 2013இல் நிறுவினர். சிலை வைப்பதாற் கடன் தீராது. ஆயினும் கடன் உண்டு என்று ஒப்புக்கொள்வது தீர்ப்பதற்கு முதற்படி.

அதற்கு மேலும் ஒரு கடமை உண்டென்பது நம் எண்ணம். அவ்வுயிர்கள் கொடுத்த அறிவைப் பாழாக்காதிருத்தலே அது. மருந்தைப் பாதியில் நிறுத்துபவர், தம் பிள்ளைக்கு மட்டுமன்று, அந்த அறிவுக்கும் தீங்கு செய்கின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அன்பர் வந்தபோது, பழைய விடைத்தாள் ஒன்றின் பின்புறத்தில் இக்கணக்கை அவருக்கு எழுதிக் காட்டினோம். இலட்சம் கோடி; அதன் கீழ் நூறு கோடி; அதன் கீழ் பத்து இலட்சம்; அதன் கீழ் ஆயிரம்; அதன் கீழ் ஒன்று. 'நோய் தெரியவில்லை' என்ற சொல்லுக்கு நேரே நூறு கோடியைச் சுற்றி ஒரு வட்டம் இட்டோம். அவர் கடைக்கணக்கு எழுதிப் பழகியவர். நெடுநேரம் அத்தாளையே பார்த்தார். "அப்ப, இப்ப நிப்பாட்டினால் இவ்வளவும் வட்டியோடை திரும்பி வரும்" என்றார். இதனினும் நன்றாக நாம் சொல்லியிருக்க மாட்டோம்.

அத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் எழுந்தார். புதன்கிழமை இரவு பஸ்ஸிலே தந்தையும் மகளும் மறுபடி புறப்பட்டனர். பிள்ளை சன்னல் வழியே கையசைத்தாள்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இத்தகைய பிள்ளை இருக்கக்கூடும். முகம் தெளிந்துவிட்டது என்று மருந்தை நிறுத்தாதிருங்கள். ஐயம் எழுந்தால் வைத்தியரிடம் மீண்டும் மீண்டும் கேளுங்கள். கேட்பதில் இழுக்கு இல்லை. வழிச்செலவுக்கு முடை உள்ள குடும்பமாயின் அயலார் கைகொடுங்கள். பத்துப்பேர் சேர்ந்தால் ஒரு பயணச்சீட்டு ஆகும். எண்ணற்ற சிற்றுயிர்கள் நமக்குக் கற்பித்த கணக்கு இது. கடைசி ஒன்று தீரும்வரை கணக்கை மூடலாகாது.